மேவுட் தபால்காரர்

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒருமுறை அமெரிக்கக் கொடி அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் ஒன்றைத் தன் சந்தாதாரர்களுக்கு இலவச இணைப்பாக அனுப்பியது. சிகாகோவுக்கு மேற்கே, மேவுட் வட்டாரத்துத் தெருக்களில் அந்த இதழ்களைச் சுமந்துபோய்ப் பட்டுவாடா செய்தவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு தபால்காரர். மறுநாள் அதே வழியில் நடந்தபோது, முந்தின நாள் தன் தோள்பையில் கனத்த கொடிகள் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டப்பட்டிருப்பதை அவர் பார்த்தார். கொடி ஸ்டிக்கரைக் காட்டி இனிமேல் சொர்க்கத்தில் இடம் பிடிக்க முடியாது, அங்கே ஏற்கெனவே கூட்டம் நிரம்பிவிட்டது என்று கேலியாக ஒரு பாட்டுக் கட்டினார். போரை எதிர்த்து அந்நாட்களில் பாடாத பாடகர் அமெரிக்காவில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தத் தேசபக்தி எந்த வழியாக, எந்தக் கிழமையில், எத்தனை வீடுகளுக்கு வந்து இறங்கியது என்பதைத் தன் தோள்வலியைக் கொண்டே அறிந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

அவர் பெயர் ஜான் ப்ரைன். 2020 ஏப்ரல் 7 அன்று, தம் 73ஆம் வயதில், கொரோனா தொற்றினால் நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில் காலமானார். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில், அவருடைய மறைவுச் செய்தியின் வழியாகத்தான் நான் அவரை அறிந்தேன். பாப் டிலனுக்குப் பிடித்த பாடலாசிரியர் என்பதைவிட, 'தபால்காரராக இருந்தவர்' என்ற ஒரு சொற்றொடர்தான் என்னை நிறுத்தியது, ஏனென்றால் என் தந்தை தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று தொடங்கி அவருடைய பாடல்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். புகழ் பெற்ற பிறகு எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகளில் இத்தகைய வேலைகள் ஒரு வரியில் கடந்துபோகப்படும். ஹோட்டலில் தட்டுக் கழுவினார், லாரி ஓட்டினார், பிறகு வாய்ப்பு வந்தது என்பதாக. ப்ரைன் விஷயத்தில் அப்படிக் கடந்துபோனால் மனிதரையே தவறவிட்டுவிடுவோம். அவர் தபால் வேலையை விட்டாரே தவிர, தபால்காரராக இருப்பதை விடவில்லை என்பது என் எண்ணம்.

ப்ரைன் 1946 அக்டோபர் 10 அன்று மேவுடில் பிறந்தார். அது சிகாகோவின் புறநகர். ஆனால் இலினாய் மாநிலச் சட்டப்படி அதன் அதிகாரபூர்வத் தகுதி இன்றும் 'கிராமம்'தான். பெற்றோர் இருவரும் கென்டக்கி மாநிலத்தின் மேற்கில் உள்ள மியூலன்பர்க் கவுன்டியைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காக வடக்கே வந்து குடியேறியவர்கள். தந்தை இரும்புக் கருவிகள் செய்யும் தொழிலாளி, தொழிற்சங்க ஈடுபாடு மிக்கவர். நான்கு ஆண்பிள்ளைகளில் மூத்தவரான டேவ், பதினான்கு வயதுத் தம்பிக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தார். 1964இல் பள்ளியை முடித்ததும் ஜான் தபால் வேலையில் சேர்ந்தார். அமெரிக்காவில் ஐந்திலக்க அஞ்சல் குறியீட்டெண் அறிமுகமாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1966இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. அவருடைய நண்பர்கள் பலர் வியட்நாமுக்குப் போனார்கள். இவருக்கு மேற்கு ஜெர்மனியில், ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது. சேவை முடிந்து திரும்பியவர் மீண்டும் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஒருநாள் மாலை அவருடைய பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, பொருளையும் சொல்லி, இவரும் உங்களைப் போலத் தபால்காரர்தான் என்று என் தந்தையிடம் சொன்னேன். "பாட்டு இருக்கட்டும்ப்பா, அவருக்கு பீட் நடையா, சைக்கிளா?" என்று கேட்டார். பீட் என்றால் தபால்காரர் தினமும் சுற்றிவரும் வழி. "நடைதான் அப்பா, பனி கொட்டும்போதும்" என்றேன். "அப்ப முட்டி போயிருக்குமே" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட்டைக் கேட்கத் தொடங்கினார். எந்த இசை விமர்சகரும் கேட்காத அந்தக் கேள்வியில் பாதி விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

காலையில் அலுவலகத்தில் தபால்களைத் தெரு வரிசைப்படி பிரித்து அடுக்கிக் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு மூளைக்கு வேலை அதிகம் இல்லை. வழி கால்களுக்குத் தெரியும், கதவு எண்கள் கைக்குத் தெரியும். தபால் கொண்டு நடப்பது, புத்தகங்கள் இல்லாத நூலகம் ஒன்றில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது என்று ப்ரைன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லிவந்தார். அந்த வெற்றிடத்தில்தான் அவர் பாடல்களைக் கட்டினார். வழிநெடுகப் பச்சை வண்ணத்தில் பெரிய இரும்புப் பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கும். அவை நாம் கடிதம் போடும் பெட்டிகள் அல்ல. பட்டுவாடாவின் அடுத்த பகுதிக்கான தபால் கட்டுகளை அலுவலக வண்டி கொண்டுவந்து வைத்துப் பூட்டிவிட்டுப் போகும், தபால்காரர் திறந்து எடுத்துக்கொள்வார். சிகாகோவின் பனிக்காற்று தாங்க முடியாத நாட்களில், ப்ரைன் அந்தப் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்து, கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வெளியே வருவாராம்.

நடந்துகொண்டே கட்டும் பாட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கையில் கித்தார் இல்லை. குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும் எடுத்தால் வேலை தாமதமாகும். வீடு திரும்பும்வரை நினைவில் தங்கினால்தான் அது பாட்டு, தங்காவிட்டால் இல்லை. ப்ரைனின் பாடல்களில் மெட்டு எளிமையாக இருப்பதற்கும், வரிகள் சிறியவையாக, பேச்சுக்கு மிக அருகில் நிற்பதற்கும், வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லாதிருப்பதற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். எளிமையை ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டு எழுதியவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய எளிமையில் கொள்கை துருத்திக்கொண்டு தெரியும். இவருடையதில் தெரியாது.

'ஹலோ இன் தேர்' என்ற பாடலை எழுதியபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுக்குச் சற்று முன்னோ பின்னோ இருக்கும். தபால் வேலைக்கு முன்பே, நண்பன் ஒருவனுக்கு உதவியாக முதியோர் இல்லம் ஒன்றில் செய்தித்தாள் போட்டிருக்கிறார். அறை அறையாகப் போய்க் கொடுக்கும்போது, சில முதியவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி, இவரைத் தங்கள் பேரன் என்றோ மருமகன் என்றோ பாவித்துப் பேசுவார்களாம். அந்தப் பாசாங்கைப் பையன் மறக்கவில்லை. பாட்டில் ஒரு வயதான தம்பதியர் வருகிறார்கள். பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு மகன் கொரியப் போரில் இறந்துவிட்டான். எதற்காக இறந்தான் என்று தந்தைக்கு இன்னும் விளங்கவில்லை, விளங்காவிட்டாலும் இனி என்ன என்ற நிலையில் இருக்கிறார். மனைவி பின்கட்டுக் கதவின் வழியே வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பழைய தொழிற்சாலை நண்பனைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று நினைக்கிறார். என்ன விசேஷம் என்று அவன் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் பாடகர் கேட்பவர்களைப் பார்த்து, இத்தகையவர்களைக் கடந்துபோகும்போது ஒரு வணக்கமாவது சொல்லுங்கள் என்று வேண்டுகிறார். அவ்வளவுதான் பாட்டு. முதுமையைப் பற்றி இளைஞர்கள் எழுதும்போது வழக்கமாகச் சேர்த்துவிடும் இரக்கம் இதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கதவைத் தட்டினால் உள்ளிருந்து வருபவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார், தபாலை வாங்கிய பிறகும் ஏன் உடனே கதவைச் சாத்த மாட்டார் என்பதைத் தினமும் பார்த்தவரின் கணக்கு மட்டுமே இருக்கிறது.

முதியவர்களைப் பற்றி இன்னொரு பாட்டு எழுதேன் என்று நண்பர் ஒருவர் சொன்னதன் விளைவாக வந்தது 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி'. தன் வயதைவிடக் கூடுதலாக மூத்துவிட்டதாக உணரும் நடுவயதுப் பெண் ஒருத்தி, பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு முன்னால் கையில் சோப்பு நுரையுடன் நிற்கும் காட்சி மனத்தில் தெளிவாகத் தெரிந்தது, அவளைப் பேசவிட்டேன் என்று ப்ரைன் சொல்லியிருக்கிறார். பாட்டு முழுவதும் அவள் குரல்தான். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வரும் கணவனுக்கு வீட்டில் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போவது எப்படி என்று அவள் கேட்கும் இடத்தில் எந்த நாட்டுச் சமையலறையும் சற்று அசையும். தன்னைப் பெண்ணாக வைத்து ஓர் ஆண் பாடுவதில் கேட்பவர்களுக்கு ஒரு கணமும் உறுத்தல் வராதது எனக்கு இன்றும் வியப்புதான். 1974இல் பாடகி பானி ராய்ட் அதைப் பாடிய பிறகு பலர் அதை அவருடைய பாட்டென்றே நினைத்தார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பிய நண்பர்களைப் பார்த்து எழுதியது 'சாம் ஸ்டோன்'. பதக்கத்துடனும் போதைப் பழக்கத்துடனும் வீடு திரும்பும் ஒரு சிப்பாயின் கதை. வீட்டின் பணமெல்லாம் அப்பாவின் கையில் உள்ள ஊசித் துளை வழியாகப் போய்விடுகிறது என்பதைக் குழந்தையின் பார்வையில் சொல்கிறார். அதே பாட்டில் ஏசுவின் மரணம் வீண்தானோ என்று வரும் வரியைத் தன்னால் பாட முடியாது என்று, பாடகர் ஜானி கேஷ் அதை மாற்றிப் பாடினார். மாற்றிய பாட்டைக் கேட்டால், மாற்றப்பட்ட அந்த ஓரிடத்தில் பல் விழுந்ததுபோல் இருக்கிறது.

இந்த மூன்று நான்கு பாடல்களையும் தபால்காரர் யாருக்கும் காட்டாமல்தான் வைத்திருந்தார். சிகாகோவில் ஃபிஃப்த் பெக் என்ற சிறு மதுவிடுதியில், விரும்பியவர் மேடையேறிப் பாடும் இரவு ஒன்றில் அவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பாடியவர்களைப் பற்றி அவர் முணுமுணுத்ததைக் கேட்ட ஒருவர், முடிந்தால் நீ போய்ப் பாடு என்று சொல்ல, ஏறிவிட்டார். பாடி முடித்தபோது கூடத்தில் கைதட்டல் எழவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தோல்விதான் என்று அவர் காலை மாற்றி வைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் கைதட்டத் தொடங்கினார்கள். விடுதிக்காரர் வாரந்தோறும் வந்து பாடச் சொன்னார்.

1970இல் தபால்காரர் சம்பளம் என்னவாக இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்பவருக்கு ஆண்டுக்கு 6,176 டாலர். 21 ஆண்டு உழைத்த பிறகும் 8,442 டாலர்தான். அவ்வாண்டு மார்ச் 18 அன்று நியூயார்க்கில் தபால் ஊழியர் தொடங்கிய வேலைநிறுத்தம் சிகாகோ உட்படப் பல நகரங்களுக்குப் பரவி, சுமார் 2 லட்சம் பேர் பங்குகொண்ட போராட்டமாயிற்று. கடிதங்களைப் பிரிப்பதற்கு அதிபர் நிக்சன் ராணுவத்தை நியூயார்க்குக்கு அனுப்பினார். ராணுவத்தினர் அந்த வேலையில் திணறினார்கள் என்பதை என் தந்தையிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்ததுபோல் வேறெதற்கும் மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்தார். தியேட்டர் பாப்கார்னில் உப்பு அதிகம், பீர் தேவைப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நுழைந்த இடம் ஃபிஃப்த் பெக். படத்துக்கு எழுத வேண்டிய விமர்சனத்தை விட்டுவிட்டுப் பாடும் தபால்காரரைப் பற்றி எழுதினார். அது அக்டோபர் 9 அன்று, ப்ரைனின் இருபத்து நான்காம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் வெளியாயிற்று. ஈபர்ட் எழுதியதில் என்னைக் கவர்ந்தது, அந்த இளைஞர் பாடத் தொடங்கும்போது எவ்வளவு அடக்கமாக, ஏறக்குறையப் பின்னோக்கி நடந்தே விளக்கின் வெளிச்சத்துக்குள் வருபவர்போலத் தோன்றுகிறார் என்பதைக் கவனித்திருப்பதுதான். அடுத்த வாரம் முதல் விடுதியில் இடம் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தவை கதைபோல விரைந்து நடந்தன. சிகாகோவைச் சேர்ந்த இன்னொரு பாடகரான ஸ்டீவ் குட்மன், தனக்குக் கிடைத்த வாய்ப்பைத் தன் நண்பனுக்கும் பங்கிட்டுத் தந்தார். தன் பாட்டைப் பாராட்டிய புகழ்பெற்ற பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனிடம், நீங்கள் கேட்க வேண்டியது என்னை அல்ல, ப்ரைனை என்று சொல்லி, நள்ளிரவுக்குப் பிறகு, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த விடுதிக்கு அழைத்துக்கொண்டு போனார். தன் பிழைப்பில் மண் விழலாம் என்று தெரிந்தே இன்னொருவரை முன்னால் தள்ளிவிடும் பாடகர்கள் அதிகம் இல்லை. கிறிஸ்டோஃபர்சன் எல்லாப் பாடல்களையும் கேட்டுவிட்டு, முதலிலிருந்து மறுபடி பாடச் சொன்னார். 1971இல் நியூயார்க்கில் தன் மேடையிலேயே ப்ரைனை ஏற்றிப் பாடவைக்க, அங்கிருந்த அட்லான்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் மறுநாளே ஒப்பந்தம் செய்தார். குட்மன் ரத்தப் புற்றுநோயால் 1984இல் இறந்தார். ப்ரைன் கடைசிவரை மேடையில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

முதல் இசைத்தட்டில் 'பாரடைஸ்' என்ற பாட்டு இருக்கிறது. அது அவருடைய பெற்றோரின் ஊர்ப்பக்கத்தில், கிரீன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூரின் பெயர். நிலக்கரிக்காக மண்ணை மேலிருந்து சுரண்டி எடுக்கும் முறையும் அனல்மின் நிலையமும் சேர்ந்து அந்த ஊரை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டன. ஜெர்மனியில் இருந்த மகனுக்குத் தந்தை அனுப்பிய செய்தித்தாள் நறுக்கின் வழியாகத்தான் அவருக்கு அது தெரிந்தது. எங்களைப் பாரடைஸுக்குக் கூட்டிப்போங்கள் என்று பிள்ளைகள் கேட்க, பீபாடி நிறுவனத்தின் நிலக்கரி ரயில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அப்பா பதில் சொல்வதாக எழுதினார். தந்தைக்காக எழுதிய பாட்டு; நிறுவனம் பின்னாளில் ப்ரைனுக்கு மறுப்பாக ஒரு துண்டறிக்கையே வெளியிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு வழக்கில் எதிர்த்தரப்பினர் அந்த வரிகளை மனுவில் எடுத்தாண்டபோது, அவற்றை நீக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. இசைத்தட்டு வெளிவரும் முன்பே ப்ரைனின் தந்தை இறந்துவிட்டார். ஆனால் ஒலிநாடாவை மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டியிருந்தார். 'பாரடைஸ்' தொடங்கியதும் தந்தை எழுந்து பக்கத்து அறையின் இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, கடையில் உள்ள ஜூக்பாக்ஸில் ஒலிப்பதாக நினைத்துக்கொள்கிறேன் என்றாராம்.

அந்தத் தட்டின் அட்டையில் ப்ரைன் வைக்கோல் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பார். வைக்கோல் கட்டின்மேல் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தேன் என்று அவர் சிரிப்பார். சிகாகோ தெருக்களின் தபால்காரரை வயற்காட்டுக்காரராக விற்க முயன்ற நிறுவனங்களுடன் அவருக்கு ஒரு பத்தாண்டு ஒத்துப்போகவும் இல்லை, பெரிதாக விற்கவும் இல்லை. 1981இல் தன் மேலாளர் அல் புனெட்டாவுடன் சேர்ந்து 'ஓ பாய்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கேதான் என் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். ரசிகர்கள் காசோலைகளைத் தபாலில் அனுப்பினார்கள். இசைத்தட்டுகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. தயாராகாத தட்டுக்கும் முன்பணம் வந்தது. பெரிய நிறுவனங்களின் விநியோகமும் விளம்பரமும் இல்லாமல், முகவரிப் பட்டியலையும் தபால் துறையையும் நம்பி ஒரு பாடகர் பிழைக்க முடியும் என்று அன்று இசைத்துறையில் யாரும் நினைக்கவில்லை. முகவரிகளை நம்பத் தெரிந்தவருக்கு அது இயல்பாக வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் வழியாக வந்த 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' 1991இல் வெளியாகி கிராமி விருது பெற்றது; 2005இல் வந்த 'ஃபேர் அண்ட் ஸ்கொயர்' தொகுப்பும் பெற்றது.

1998இல் கழுத்தில் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை நடந்து, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. குரல் தடித்துக் கரகரத்தது. பழைய குரலைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது என்றார். 2013இல் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மாடிப்படியில் ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்போதே கித்தாரை எடுத்துப் பாட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். செய்து, மேடைக்குத் திரும்பினார். 2018இல் வெளியான 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' அமெரிக்காவில் இசைத்தொகுப்புகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. வாழ்நாளில் அவர் எட்டிய உச்ச இடம் அதுதான். அவர் மறைந்த பிறகு, அவருடைய சாம்பலில் பாதியை, 'பாரடைஸ்' பாட்டில் அவரே கேட்டுக்கொண்டிருந்தபடி கிரீன் ஆற்றில் கரைத்தார்கள். 2020இல் இலினாய் மாநிலம் அவரைத் தன் முதல் கௌரவ அரசவைக் கவிஞராக அறிவித்தது.

அவரைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1971இன் முதல் தொகுப்பில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் 2011இல் வெளிவந்த 'தி சிங்கிங் மெயில்மேன் டெலிவர்ஸ்' தொகுப்பைச் சொல்வேன். 1970இல் ஒரு வானொலி நிலையத்திலும் ஃபிஃப்த் பெக்கிலும் பதிவான பாடல்கள் அவை. பின்னணி வாத்தியங்கள் எதுவும் பாட்டை மறைப்பதில்லை. அதில் உள்ள 'ஹலோ இன் தேர்' பாட்டைக் கேட்டுவிட்டு, எழுபது வயதை ஒட்டி அவர் மேடையில் பாடிய பதிவு ஒன்றையும் அடுத்ததாகக் கேளுங்கள். முதலாவதில் வாசலில் நிற்கும் இளைஞன் பாடுகிறான். இரண்டாவதில், அதே சொற்களை ஒன்றுகூட மாற்றாமல், பாட்டுக்குள் இருக்கும் கிழவர் பாடுகிறார். நான் அதிகம் கேட்பது இரண்டாவதைத்தான். என் தந்தை முதலாவதைக் கேட்கிறார்.